பொன்னாடைக்கு யார் பணம் தருவார்?

கேள்வி: அன்புள்ள அக்கா, சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் சங்கம் சனிக்கிழமைதோறும் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குத் தமிழும் கணிதமும் இலவசமாகச் சொல்லித் தருகிறது. 32 பிள்ளைகள் வருகிறார்கள். பாடம் நடத்துவோர் எல்லாரும் தொண்டூழியர்கள். 30,000 வெள்ளி கேட்டு மூன்று அறக்கட்டளைகளுக்கு ஒரே விண்ணப்பத்தை அனுப்பினோம். இரண்டு இடத்தில் ‘வருந்துகிறோம்’ என்றார்கள், ஒன்றிலிருந்து பதிலே இல்லை. எங்களுக்கு ஐபிசி தகுதி (நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவு கிடைக்க வைக்கும் பொது நல அமைப்புத் தகுதி) இல்லாததுதான் காரணமா? விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன்.
– சங்கச் செயலாளர், ஈசூன்

பதில்: தம்பி, உங்கள் விண்ணப்பத்தில் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். கணக்கெழுதியே காலம் தள்ளியவளுக்கு அதுதான் பழக்கம். பணம் கொடுக்க உட்கார்ந்திருப்பவர்களில் பலரும் அப்படித்தான் படிப்பார்கள். அங்கே இருப்பது இது: இட வாடகை 2,400, பயிற்சித்தாள் 1,800, சிற்றுண்டி 3,800, ஆண்டு விழா 14,000, இதர செலவு 8,000.

பிள்ளை ஒன்றுக்குப் பிரித்துப் பாருங்கள். படிப்புக்கும் பசிக்கும் சேர்த்து ஆண்டுக்கு 250 வெள்ளி. விழாவுக்கு 437 வெள்ளி 50 காசு. முதல் மூன்று பக்கம் ‘பின்தங்கிய மாணவர்களைக் கைதூக்கிவிடுகிறோம்’ என்று உருகி எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கமோ மண்டபம், மேடை அலங்காரம், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, நினைவுப்பரிசு என்று போகிறது. விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. பொன்னாடை இல்லாமல் நம்மவர்களுக்கு ஒரு கூட்டம் முடிந்தமாதிரியே இருக்காது, தெரியும். அதற்கு உறுப்பினர்களிடம் வசூல் பண்ணுங்கள். அறக்கட்டளையிடம் கேட்காதீர்கள்.

‘இதர செலவு 8,000’ அதைவிட மோசம். மொத்தத்தில் கால்வாசிக்கும் மேல் ‘இதர’ என்றால், படிப்பவர் அங்கேயே பேனாவை மூடிவிடுவார்.

அப்புறம், எழுதாமல் விட்டது ஒன்று. விண்ணப்பத்தின் நடுவில் ஓர் ஆசிரியை பற்றி ஒரே வரி வருகிறது. வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் செய்வது, வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொள்வது, தாள் அச்சடிப்பது எல்லாம் அவர்தானாம். உங்கள் வகுப்பு நடப்பதே அவரால்தான், ஆனால் கணக்கில் அவருக்கு ஒரு காசு இல்லை. ‘நிர்வாகச் செலவு காட்டினால் தரமாட்டார்கள்’ என்ற பயம் நம் சங்கங்கள் எல்லாவற்றிலும் உண்டு. என் கருத்து நேர் எதிர். பகுதிநேர ஒருங்கிணைப்பாளர் ஊதியம் என்று ஒரு வரி போட்டு, வாரம் எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று எழுதுங்கள். அவர் நாளை வேறு வேலைக்குப் போனாலும் வகுப்பு நிற்காது என்று கொடுப்பவருக்குத் தெரிய வேண்டும். தொண்டூழியர்கள் தரும் நேரத்தையும் உங்கள் பங்காகக் காட்டுங்கள்.

ஒரே விண்ணப்பத்தை மூன்று இடத்துக்கு அனுப்பினால் எடுபடாது. ஒவ்வொரு அறக்கட்டளைக்கும் ஒரு மனம் உண்டு. லியன் அறக்கட்டளை பாலர் கல்வி, முதியோர் பராமரிப்பு போன்றவற்றில் கவனம் வைப்பது. தொழிலதிபர் லீ கொங் சியான் 1952இல் தொடங்கிய லீ அறக்கட்டளை இனம், மதம் பாராமல் கல்விக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. உங்கள் அளவுக்கு ‘நமது சிங்கப்பூர் நிதி’ போன்ற அரசாங்க நிதியையும் பாருங்கள். அது திட்டச் செலவில் ஒரு பகுதியைத்தான் தருவது. மீதி உங்கள் கையிலிருந்து வர வேண்டும்.

எங்கே போனாலும் ஒரு கேள்வி வரும்: ‘1991இலிருந்து சிண்டா, அதாவது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், இருக்கிறதே, துணைப்பாடமும் நடத்துகிறார்களே, நீங்கள் எதற்கு?’ கோபப்படாதீர்கள், நியாயமான கேள்விதான். பிள்ளைகள் புளோக்கிலிருந்து இறங்கி நடந்தே வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். வகுப்பில் சேரும்போதும் ஆண்டு முடிவிலும் பிள்ளைகள் வாங்கிய கணித மதிப்பெண்ணை வையுங்கள். பெயர், படம் வேண்டாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

இனி ஐபிசி. அந்தத் தகுதி இருந்தால், 100 வெள்ளி தருபவரின் வரிக்குரிய வருமானத்தில் 250 வெள்ளி கழியும். நன்கொடையாளரை இழுக்க அது உதவும். ஆனால் உங்களுக்கு இப்போது அதைவிடக் கணக்குதான் அவசரம். மேலும், ஐபிசி அமைப்பின் பணிகள் பொதுவாகச் சிங்கப்பூர்ச் சமூகம் முழுமைக்கும் பயன்பட வேண்டும். ஓர் இனத்துக்கு மட்டும் என்று இருந்தால் இடிக்கும். கணித வகுப்பையாவது பக்கத்து வீட்டு மலாய், சீனப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட முடியுமா என்று செயற்குழுவில் பேசுங்கள். அறநிறுவனமாகப் பதிந்திருந்தால், நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் போய்ச்சேர்ந்ததா என்றும் பாருங்கள். அறநிறுவன இணையவாசலில் அதை யாரும் பார்க்கலாம். கொடுப்பவர் பார்க்காமல் இருக்கமாட்டார்.

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கழிப்பறை கட்ட, இங்கே உணவுச் சந்தை நடத்தி நிதி திரட்டலாமா?
– வாசகி, செங்காங்

பதில்: அறநிறுவன ஆணையாளரின் அனுமதி வேண்டும். வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் திரட்டினால், செலவு போக மிஞ்சுவதில் குறைந்தது 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே பயன்பட வேண்டும் என்பது விதி. ஆக, சந்தையில் 5,000 வெள்ளி மிஞ்சினால் ஊருக்குப் போவது 1,000தான். சொந்தபந்தம், நண்பர்களிடம் தனிப்பட்ட முறையில் திரட்டுவதற்கு இந்த 80-20 கணக்கிலிருந்து விலக்குக் கேட்க வழி உண்டு. கழிப்பறைக்கு அதுதான் சரிப்படும். எதுவானாலும் அனுமதி கைக்கு வரும்முன் துண்டுப்பிரசுரம் அடிக்காதீர்கள்.