சென்னை வேளச்சேரி ஃபிளாட்டுக்கு எந்த இன்டர்நெட் இணைப்பு: ஏர்டெல்லா, ஆக்ட்டா, ஜியோவா?

விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், உங்கள் பிளாக்கில் ராத்திரி 9 மணிக்கு எது தடங்கலில்லாமல் ஓடுகிறது என்று பக்கத்து வீடுகளில் கேட்டு அதையே போடுங்கள். ஒரே நிறுவனம் அடுத்த தெருவில் வேறு மாதிரி இருக்கும்.

ஆனால் இப்போதைய 100 எம்பிபிஎஸ் லைனில் மாலையானால் வீடியோ கால் திக்கித் திக்கி நிற்கிறது என்கிறீர்களே, வேகம் அதற்குத் தாராளம். எனக்கு வைஃபை மேல்தான் சந்தேகம். அடுக்குமாடியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் எல்லார் வீட்டு ரவுட்டரும் முட்டி மோதும், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அப்புறம் வைஃபை இல்லாமல் லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக ரவுட்டரில் செருகி, அதே நேரத்தில் வேகம் பாருங்கள். அதிலும் குறைந்தால் மட்டும் கம்பெனியை மாற்றுங்கள்.

இன்னொரு விஷயம், ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள். மாதக் கணக்கில் எடுத்தால் இணைப்புக் கட்டணம் கேட்கலாம், சரி, போகட்டும். சொல்லும் விலைக்கு மேல் 18% ஜிஎஸ்டியும் உண்டு.