உணவுக்குழாய்ல கட்டி, ஆனா பயாப்சி எடுக்கல... ஏன் டாக்டர்?

கேள்வி: என் கணவருக்கு 41 வயசு. நெஞ்செரிச்சல்னு எண்டோஸ்கோப்பி பண்ணினப்ப உணவுக்குழாய் கீழ்ப்பக்கம் 2 செ.மீ. கட்டி இருக்கு, லியோமயோமாவா இருக்கலாம்னு எழுதிருக்காங்க. பயாப்சி எடுக்கல. கேன்சரா இருந்தா? வேற டாக்டர்கிட்ட போய் எடுத்துடலாமா?

பதில்: வேண்டாம்மா, அவசரப்படாதீங்க. லியோமயோமாங்கிறது கேன்சர் இல்லாத ஒரு தசைக்கட்டி. மறந்து விட்டுட்டாங்கனு நினைக்காதீங்க, தெரிஞ்சேதான் எடுக்காம விட்டிருப்பாங்க. ரிப்போர்ட்ல "ஸ்மூத் பல்ஜ், ஓவர்லையிங் மியூக்கோசா நார்மல்"னு ஒரு வரி இருக்கானு பாருங்க. இருந்தா கட்டி உள்தோல்ல இல்ல, அதுக்கு அடியில சாப்பாட்டை கீழ தள்ளுற தசையிலருந்து கிளம்பி தோலை உள்பக்கமா தள்ளிட்டு நிக்குதுனு அர்த்தம். சாதாரண பயாப்சி இடுக்கி மேல்தோலைத்தான் கிள்ளும், கட்டிக்கு பெரும்பாலும் எட்டாது, ரிசல்ட்டும் நார்மல்னு வந்து உங்களை இன்னும் குழப்பும். அதைவிட பெரிய வம்பு, புளியம்பழமும் ஓடும் மாதிரி ஒட்டாம இருக்குற கட்டி, கிள்ளின இடம் தழும்பாகி தோலோட ஒட்டிக்கும், பின்னாடி ஆபரேஷன்னு வந்தா பிரிக்கும்போது தோல் கிழிய சான்ஸ் இருக்கு.

அடுத்து இ.யு.எஸ்., அதாவது எண்டோஸ்கோப்பி வழியா பண்ற அல்ட்ராசவுண்ட் பண்ணிடுங்க. எந்த லேயர்ல இருக்கு, ஓரம் ஒழுங்கா இருக்கானு அதுல தெரியும், சந்தேகம் வந்தா அது வழியாவே ஊசி போட்டு சாம்பிள் எடுக்கலாம். உணவுக்குழாய்ல வர்ற கேன்சர் இல்லாத சாதா கட்டிகள்ல லியோமயோமாதான் ரொம்ப காமன், அது கேன்சரா மாறுறது ரொம்ப ரொம்ப அபூர்வம். இதே கட்டி இரைப்பையில இருந்திருந்தா நான் இவ்ளோ நிதானமா பேசமாட்டேன், ஏன்னா அங்க ஜிஸ்ட்னு, கேன்சரா நடந்துக்க வாய்ப்பிருக்கிற வேற வகைக் கட்டிதான் அதிகம், அந்தக் காலத்துல லியோமயோமானு எழுதினதுல நிறைய உண்மையில ஜிஸ்ட்தான், 1998ல ஜப்பான்காரங்க ஜிஸ்ட்ல கிட்ங்கிற ஜீன் மாறியிருக்கிறதை கண்டுபிடிச்ச பிறகுதான் ரெண்டையும் தெளிவா பிரிக்க முடிஞ்சுது. சாம்பிள்ல டெஸ்மின் (தசையில இருக்குற புரதம்) பாசிட்டிவ், சிடி117 (கிட் ஜீன் உண்டாக்குற புரதம்) நெகட்டிவ்னு வந்தா லியோமயோமா.

நெஞ்செரிச்சலுக்கு இந்தக் கட்டி காரணமா இருக்காது, அது அனேகமா ஆசிட்தான், அதுக்கு தனியா மாத்திரை சாப்பிடட்டும். கட்டியை கரைக்க மருந்து கிடையாது, யாராவது கசாயம் தர்றேன்னா காசை வீணாக்காதீங்க. 2 செ.மீ., தொந்தரவு இல்லனா பெரும்பாலும் அப்பப்ப செக் பண்ணிட்டே விட்டுடுவோம். சோறு தொண்டைக்கு கீழ நிக்குற மாதிரி இருந்தா, எடை குறைஞ்சா, மலம் கருப்பா போனா, ஸ்கேன்ல வளர்ந்திருந்தா உடனே கேஸ்ட்ரோ டாக்டரை பாருங்க. எடுக்க வேண்டி வந்தாலும் இப்ப நெஞ்சை பெருசா திறக்காம சின்ன துளை வழியாவோ, சில சென்டர்ல எண்டோஸ்கோப்பியிலயோ எடுத்துடுறாங்க. இ.யு.எஸ்.க்கு போகும்போது பழைய எண்டோஸ்கோப்பி படத்தையும் எடுத்துட்டு போங்க.