‘ஒட்டிக்கொள்ளுமா?’ என்று பார்க்கும் கண்கள்
தோல் நோயும் மன உளைச்சலும்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

நாள்பட்ட தோல் நோய்களைப் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று அறிவித்திருந்தோம். களிம்பைப் பற்றிக் கேட்டவர்களைவிட, பிறர் பார்வையைப் பற்றி எழுதியவர்களே அதிகம். கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த சில கடிதங்களுக்கு மனநல மருத்துவர் ஒருவர் பதில் தருகிறார். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 29. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பேருந்தில் புதுச்சேரிக்கு வந்து, நேரு வீதியில் ஒரு துணிக்கடையின் சேலைப் பிரிவில் வேலை செய்கிறேன். பல வருடங்களாகச் சொரியாசிஸ் என்ற, தோல் செதில் செதிலாக உதிரும் நோய் இருக்கிறது. முழங்கையிலும் தலையிலும் இருந்தது இப்போது புறங்கைக்கும் வந்துவிட்டது. போன மாதம் ஒரு அம்மா, நான் விரித்துக் காட்டிய சேலையை விரல் நுனியால் ஒதுக்கிவிட்டு, வேறொரு பெண்ணைக் கூப்பிட்டு அதே நிறத்தில் உள்ளேயிருந்து இன்னொன்று எடுத்து வரச் சொன்னார். மறுநாள் என்னை மாடியில் ஸ்டாக் அறைக்கு மாற்றிவிட்டார்கள். காலையில் வீட்டில் மற்றவர்கள் எழுவதற்கு முன்பே எழுந்து பாயில் உதிர்ந்திருப்பதைப் பெருக்கிவிடுகிறேன். விசேஷங்களுக்குப் போவதில்லை. சரியான தூக்கமும் இல்லை. தோல் டாக்டர் ‘அரிப்பு குறைந்ததா’ என்று கேட்டு ஆயின்ட்மென்ட் எழுதித் தருகிறார். ‘நீ கவலைப்படுவதால்தான் இது போகமாட்டேன் என்கிறது’ என்கிறார் என் அக்கா. கவலைதான் காரணமா? எனக்கு மனத்தைரியம் போதவில்லையா?

பதில்: அக்கா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதிதான் உங்களை வதைக்கிறது. சொரியாசிஸ் கவலையால் பிறக்கும் நோய் அன்று. பரம்பரைக் கூறும் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கோளாறும் சேர்ந்து, ஏறத்தாழ 28 நாளில் முதிர்ந்து உதிர வேண்டிய தோல் செல்களை நான்கைந்து நாளிலேயே மேலே தள்ளிவிடுகின்றன. அப்படி முதிராமல் குவிந்தவற்றைத்தான் நீங்கள் விடியற்காலையில் பெருக்குகிறீர்கள். நோய் ஏற்கெனவே இருப்பவருக்கு மன அழுத்தம் அதைக் கிளறிவிடுவது உண்மைதான். ஆனால் நோயும் மனத்தைக் கிளறுகிறது: அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கம் கெட்டவருக்கு அரிப்பைப் பொறுக்கும் வலு குறைகிறது, சொறிந்து கீறிய இடத்தில் புதிய படை கிளம்புகிறது. கீறலின் வழியே படை வருவதைக் கோப்னர் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். இந்தச் சுற்றில் சிக்கியவரிடம் ‘கவலைப்படாதே, தானாகப் போய்விடும்’ என்பது, நோயோடு குற்ற உணர்வையும் கட்டித் தலையில் ஏற்றுவதுதான். நல்லெண்ணத்தில் சொல்லப்படுகிறது என்பதற்காக அதை நான் ஆதரிக்க மாட்டேன்.

உங்கள் தோல் மருத்துவரைப் பற்றி ஒரு வார்த்தை. புறநோயாளிப் பிரிவில் வரிசை நீளும்போது அரிப்பைக் கேட்க நேரம் இருக்கிறது, அழுகையைக் கேட்க நேரம் இருப்பதில்லை. ஆகவே நீங்களாகச் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்வது ஆறுதல் தேடுவதற்காக மட்டும் அன்று, அதனால் மருந்தே மாறலாம். பிரிட்டனின் கார்டிஃப் நகரத் தோல் மருத்துவர்கள் 1994இல் வெளியிட்ட வினாத்தாள் ஒன்று உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. கடந்த ஒரு வாரத்தில் தோலின் காரணமாக எவ்வளவு கூச்சப்பட்டீர்கள், உடுத்தும் உடையை அது எவ்வளவு தீர்மானித்தது, வேலைக்கும் உறவுகளுக்கும் எவ்வளவு இடையூறு வந்தது என்பதுபோல அதில் 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 10க்கு மேல் போனால் வாழ்க்கை பெரிதும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். படை உடம்பின் சிறு பகுதியில்தான் இருக்கிறது என்றாலும், இந்த எண் 10ஐத் தாண்டினால் நோயைக் கடுமையானதாகக் கருதி, களிம்போடு நிற்காமல் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சையையோ உள்மருந்தையோ யோசிக்க இடம் உண்டு. முதுகு முழுவதும் படை இருந்தும் 4 வாங்குபவர் இருக்கிறார். புறங்கையில் மட்டும் இருந்து 20ஐத் தாண்டுபவரும் இருக்கிறார். கையை நீட்டித்தான் பிழைக்க வேண்டிய வேலையில் இருக்கும் உங்களுக்குப் புறங்கைப் படை சிறிய படை ஆகாது. அடுத்த முறை போகும்போது, ‘வேலையில் இடம் மாற்றிவிட்டார்கள், தூங்க முடியவில்லை, வெளியே போவதை நிறுத்திவிட்டேன்’ என்று ஒரு தாளில் எழுதி மருந்துச் சீட்டோடு நீட்டுங்கள்.

இனி, மறைப்பதைப் பற்றி. ஒரு விசேஷத்தைத் தவிர்த்தவுடன் மனம் லேசாகிறது. அந்த நிம்மதிதான் அடுத்த விசேஷத்தையும் தவிர்க்கத் தூண்டுகிறது. போகாமலே இருப்பதால், போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது தெரியாமலே போகிறது. பயம் மட்டும் வட்டி போட்டு வளர்கிறது. இதைப் படிப்படியாகத்தான் உடைக்க முடியும். முதலில் வீட்டுக்குள் அரைக்கை உடை. பிறகு அக்காவோடு மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரை. பிறகு நெருங்கிய உறவினர் வீட்டு வளைகாப்பு. ஒவ்வொரு படியிலும் பதற்றம் தானாக இறங்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும், பாதியில் ஓடிவந்துவிடக் கூடாது. யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதிலை வாய்க்குப் பழக்கி வையுங்கள்: ‘இது சொரியாசிஸ், ஒட்டாது, மருந்து எடுத்துக்கொள்கிறேன்.’ அதற்கு மேல் விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கடை முதலாளிக்கு மட்டும், இது தொற்று நோய் அன்று என்று மருத்துவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். முதலாளிகளுக்குத் தாளில் இருப்பதன் மேல்தான் நம்பிக்கை அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை 2014இல் நிறைவேற்றிய தீர்மானமும் சொரியாசிஸைத் தொற்றா நோய் என்றே குறிப்பிடுகிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், பசியும் தூக்கமும் கெட்டு, ‘இருந்து என்ன பயன்’ என்ற எண்ணம் தலைகாட்டினால் அது மனச்சோர்வு நோய், அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையில் தோல் பிரிவு, மனநலப் பிரிவு இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 14416க்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரிடம் போனாலும் சொரியாசிஸ் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். லித்தியம் என்ற மருந்தும், படபடப்புக்கு எழுதப்படும் புரோபிரனலால் மாத்திரையும் சிலருக்குச் சொரியாசிஸை அதிகப்படுத்தும்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். உதட்டோரத்திலும் விரல் நுனிகளிலும் வெண்புள்ளி வந்திருக்கிறது. பள்ளியில் அவளோடு டிபனைப் பகிர்ந்துகொள்வதில்லையாம். தினமும் காலையில் வெளிச்சத்தில் நிறுத்திப் பரவியிருக்கிறதா என்று பார்த்து, கிரீம் பூசித்தான் அனுப்புகிறேன். இப்போது கண்ணாடியே பார்க்கமாட்டேன் என்கிறாள். (நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, அந்தக் காலைச் சோதனையை நாளை முதல் நிறுத்திவிடுங்கள். உங்கள் மகள் தன் உதட்டைக் கண்ணாடியில் பார்க்கும் முன்னே உங்கள் முகத்தில் பார்த்துவிடுகிறாள். புருவம் சுருங்கினால் அன்றைய நாள் போயிற்று. பரவுகிறதா என்று தெரிந்துகொள்ள, மாதம் ஒரு முறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் ஒரு புகைப்படம் எடுத்து வைத்தால் போதும். மருத்துவருக்கும் அதுதான் உதவும்.

தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் வருவது வெண்புள்ளி. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டாலும், கைகோத்து விளையாடினாலும் ஒட்டாது. தொழுநோய்க்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முகத்தில் இருப்பவை சிகிச்சைக்கு ஓரளவு நன்றாகவே இணங்கும். உதடும் விரல் நுனியும் மெதுவாகத்தான் இணங்கும், சில சமயம் இணங்காமலும் போகும். இதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ‘இரண்டு மாதத்தில் சரியாகிவிடும்’ என்று சொல்லி, சரியாகாமல் போனால், அவள் உங்களை நம்புவதையும் நிறுத்திவிடுவாள், மருந்தையும் நிறுத்திவிடுவாள்.

வகுப்பாசிரியரை அவள் இல்லாத நேரத்தில் பாருங்கள். வகுப்பில் அவளை எழுப்பி நிறுத்தி ‘இவளை யாரும் ஒதுக்கக் கூடாது’ என்று சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்; நல்ல ஆசிரியர்களே செய்யும் காரியம் அது, குழந்தைக்கு அதைவிட வேதனை வேறில்லை. பாடத்தோடு பாடமாகத் தோலைப் பற்றிப் பொதுவாகச் சொல்லட்டும், மதிய உணவுக்கு அவளருகில் உட்காரும் ஒரு தோழி கிடைத்தால் மற்றவர்களும் மெல்ல வருவார்கள். பூச்சு கிரீமை வேண்டாம் என்று சொல்லவில்லை. பூசுவதா வேண்டாமா என்பதை அவளே தீர்மானிக்கட்டும்; அம்மா பூசி அனுப்பினால் ‘இதை மறைத்தே ஆகவேண்டும்’ என்று அவள் கற்றுக்கொள்கிறாள்.

கேள்வி: மகளுக்கு வரன் பார்க்கிறோம். அவளுக்குச் சொரியாசிஸ் இருப்பதை மாப்பிள்ளை வீட்டில் இப்போதே சொல்லவேண்டுமா? ‘கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார்கள் உறவினர்கள். (மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தந்தை)

பதில்: சொல்லவேண்டும், நிச்சயத்துக்கு முன்பே. பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் உறவினர்கள் யாரும் முதலிரவுக்குப் பிறகு உங்கள் மகள் விளக்கை அணைக்கச் சொல்லிக் கெஞ்சும்போது பக்கத்தில் இருக்கப்போவதில்லை. ஒளித்து வைத்த மருந்தை உரிய நேரத்தில் சாப்பிடவும் முடியாது, ஒளிக்கும் பதற்றத்தில் படையும் அதிகமாகும். பெண்ணும் பையனும் தனியாகப் பேசும்போது அவளே சொல்வது நல்லது. தரகர் மூலம் போகும் செய்தி வேறு உருவத்தில் போய்ச் சேரும். பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்பார்கள். பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் இருந்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. இன்னொன்றும் இருக்கிறது: சொரியாசிஸுக்கு உள்மருந்தாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை அவள் சாப்பிடுபவளாக இருந்தால், கருத்தரிப்பதற்குச் சில மாதங்கள் முன்பே மருத்துவரைக் கேட்டு அதை நிறுத்தவேண்டும், ஏனென்றால் அது கருவைச் சிதைக்கும். கணவனுக்கு நோயே தெரியாத வீட்டில் இதை எப்படித் திட்டமிடுவாள்?

வைத்தீஸ்வரன் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறோம், போகலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள்; மனத்துக்குத் தெம்பு தரும் எதையும் நான் தடுப்பதில்லை. மாத்திரையை மட்டும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். முன்வினை, நாகதோஷம் என்று அவள் காதுபடப் பேசுபவர்களை மட்டும் அந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன். மனம் விட்டுப்போகிறது, இரவில் கொஞ்சம் குடித்தால்தான் தூக்கம் வருகிறது. கொஞ்சம்தானே, பரவாயில்லையா? (முதலியார்பேட்டை)

பதில்: பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். இந்த மருந்தும் மதுவும் சேர்ந்தால் கல்லீரல் கெடும். மது தன்னளவிலேயே சொரியாசிஸைக் கிளறும். அது தரும் தூக்கம் நள்ளிரவில் கலைந்து, அரிப்போடு உங்களைத் தனியே விட்டுவிடும். தெருமுனையிலேயே கடை இருக்கும் ஊரில் வைராக்கியத்தை மட்டும் நம்பவேண்டாம். குடியையும் தூக்கமின்மையையும் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவரின் மேற்பார்வையில்தான் குறைக்கவேண்டும். இன்னொரு எச்சரிக்கை: சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே எடுக்கவேண்டிய மாத்திரை, தினமும் விழுங்கி உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொண்டவர்கள் உண்டு. போதையிலோ தூக்கக் கலக்கத்திலோ கை தவறாமலிருக்க, அட்டையின் மேல் கிழமையை எழுதி, வீட்டில் ஒருவர் கையில் கொடுத்து வையுங்கள்.