விறைத்த கையும் பிள்ளைக்கு வார்க்கும் தண்ணியும்

கேள்வி: வயது 31. மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்கிற நரம்பு வருத்தத்துக்கு ஒன்றரை வருடமாகக் கிளினிக்குக்குப் போகிறேன். வலக்கை முழங்கை வரை விறைப்பு. மத்தியானம் அடுப்படியில் நின்றால் கூடும், பின்னேரம் குறையும். வருத்தம் கணவருக்குத் தெரியும், மாமிக்குச் சொல்லவில்லை. போன கிழமை ஏழு மாதப் பிள்ளைக்குத் தண்ணி வார்க்க, 'இவ்வளவு சூடே?' என்று மாமி ஏசினா. எனக்குச் சூடு தெரியவில்லை. விறைப்புக்கு என்ன எண்ணெய் பூசலாம்?
- வாசகி, மானிப்பாய்

பதில்: பிள்ளை, கேட்டது எண்ணெயைப் பற்றி. ஆனால் 'எனக்குச் சூடு தெரியவில்லை' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, அதைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள். விறைத்த கையை விட்டுத்தானே தண்ணியின் சூடு பார்த்தீர்கள்? அந்தக் கைக்கு இளஞ்சூடாகப் படுவது குழந்தையின் தோலைக் கொப்புளிக்க வைக்கும். இனி ஒருநாளும் வலக்கையால் பார்க்கக் கூடாது. பேசினில் முதலில் பச்சைத்தண்ணி, பிறகுதான் சுடுதண்ணி. அடிவரை கலக்கி இடது முழங்கையால் பாருங்கள். இடப்பக்கமும் விறைக்கிற நாளில் அதையும் நம்ப வேண்டாம். தண்ணிச் சூடு பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். 37, 38 பாகை செல்சியஸ் போதும்.

எண்ணெய் வேண்டாம். பழுது கையில் இல்லை. மூளையிலோ முள்ளந்தண்டு வடத்திலோ நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையில். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதை அரித்துவிட, தோல் அனுப்பும் சேதி வழியில் தடைப்படுகிறது. பூசுகிற எண்ணெய் அங்கே எட்டாது. சுடவைத்துப் பூசினால் கைதான் வேகும். விறைப்பை எடுக்கிற குளிசையும் கிடையாது. கபாபென்டின், அமிட்ரிப்டிலின் எல்லாம் எரிவுக்கும் குத்துக்கும்தான்.

மத்தியானம் கூடிப் பின்னேரம் குறைவது சூட்டின் வேலை. உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே உறை கழன்ற நரம்பு தடுமாறும், ஆறினால் பழையபடி வரும். வெயிலேற முன் சமையலை முடியுங்கள், கழுத்தில் ஈரத்துவாய் போடுங்கள். காய்ச்சலும் சலத்தொற்றும் இதேபோல் கூட்டும். அவை இல்லாமல், புது இடத்தில் விறைப்பு வந்து 24 மணித்தியாலம் தாண்டினால் கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காதீர்கள். குண்டியும் கவட்டுப்பக்கமும் விறைத்துச் சலமும் போகாவிட்டால் அன்றே பெரியாஸ்பத்திரி.

சட்டி இறக்கும்போதும் கஞ்சி வடிக்கும்போதும் கண் கையிலேயே இருக்கட்டும். பிள்ளையைத் தூக்கும்போது இன்னும் கவனம். விறைத்த கைக்குப் பிடி தளர்வதும் தெரியாது. படுக்க முன் விரல்களை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், சுட்டதும் வெட்டியதும் அப்போதுதான் தெரியவரும்.

'வருத்தக்காரி மருமகள்' என்று பெயர் வரும் என்றுதானே மாமிக்கு ஒளிக்கிறீர்கள்? அன்று உங்கள் பிள்ளையைக் காப்பாற்றியது அவவின் ஏச்சு. சூடு தெரிந்த கை உள்ள மனுசியிடம் மறைத்துவிட்டுச் சூடு தெரியாத கையில் குழந்தையை வைத்திருப்பது பெரிய பிழை. உங்கள் கணவர் செய்வது அதைவிடப் பெரிய பிழை. தாய்க்கு மகன்தான் சொல்ல வேண்டும்; ஒன்றரை வருடமாக வாய் திறக்காமல் மனைவியைத் தனியே விட்டிருக்கிறார். இந்தக் கிழமைக்குள் அவர் சொல்லட்டும். சொல்லும்வரை பிள்ளைக்குத் தண்ணி வார்க்கிற வேலையும் அவருடையது.