மலை மண் எங்கே போகிறது? (கேள்வி பதில்)

மலையடிவாரத்து அணைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். காரைக்குடி வட்டாரத்து ஆட்கள் கேட்டதற்கு என் பதில்கள் இவை.

புதுவயல் தம்பி: பாறை மலை மழைக்கு எப்படிச் சரியும், ஐயா?

சரிவது பாறை இல்லை தம்பி, அதன்மேல் போர்த்திக் கிடக்கிற மண். உள்ளே இறங்கும் மழைநீர் பாறையில் முட்டித் தேங்கும். ஊற ஊற நீரழுத்தம் ஏறி, மண்ணின் பிடி விட்டுப்போகும். வயநாட்டில் 2024 ஜூலை 30 விடியுமுன் நடந்தது அதுதான். 48 மணி நேரத்தில் 570 மில்லிமீட்டருக்கு மேல் மழை; நமக்கு வருஷம் முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய 900தான். முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அடித்துக்கொண்டு சேறு சுமார் 8 கிலோமீட்டர் ஓடியது.

கானாடுகாத்தான் ஆச்சி: தேயிலைச் செடி மண்ணைப் பிடிக்காதா?

மேல்மண் அரிப்பைக் குறைக்கும், ஆச்சி. ஆழத்தில் தொடங்கும் சரிவுக்கு அது போதாது. அதைவிடக் கேடு, ரோடு போடச் சரிவின் அடியை வெட்டுவது. நெல்மூட்டை அடுக்கில் அடிமூட்டையை உருவுகிற வேலை அது.

கோட்டையூர் அண்ணன்: வைகை அணை மண்ணடித்தால் நமக்கென்ன?

காரைக்குடிக்கு வைகைத் தண்ணீர் வராது, சரிதான். நம் மாவட்டத்துத் திருப்புவனம், மானாமதுரைக்கு வரும். 1959இல் திறந்த அணை. உச்சமட்டம் இன்றைக்கும் 71 அடி என்றுதான் சொல்வோம். அதில் அடிப்பக்கம் வருஷநாட்டு மலையின் வண்டல்; அது அடைத்த இடத்துக்குத் தண்ணீர் குறையும்.

தேவகோட்டை அன்பர்: அணையில் முதலில் தங்குவது மணலா, களியா?

நல்ல கேள்வி. என் அப்பத்தா ஊருணித் தண்ணீர் எடுத்துவந்தால், மண்பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டுத்தான் ஊற்றுவார். மணல் கண்ணெதிரே இறங்கும். வண்டல் சற்றுப் பொறுத்து இறங்கும். களிதான் அடம்பிடிக்கும்: துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிசு, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். கொட்டையின் பசை அவற்றைத் திரட்டிக் கனமாக்கும்; விடிந்தால் பானைநீர் பளிங்கு. அணையிலும் அதே வரிசைதான். ஆறு நுழையும் வாயில் மணல், நடுவே வண்டல், மதகை ஒட்டிக் களி. அங்கே உரசத்தான் கொட்டை கிடையாது!

குன்றக்குடி விவசாயி: கண்மாய் வண்டல் வயலுக்கு ஆகுமா?

தாராளமாக ஆகும். வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கி அள்ளுங்கள். மேல்வண்டலோடு நிறுத்துங்கள், அடிக்களியைத் தொடாதீர்கள்; தண்ணீர் கீழே இறங்காமல் தாங்குவது அதுதான். எங்கள் ஊர்க் கண்மாயில் பொக்லைனை ஆழமாக இறக்கிவிட்டார்கள். ஐப்பசியில் நிறைந்த தண்ணீர், கார்த்திகை தீபத்துக்கு இல்லை.