பத்து வருடப் பழைய வேட்டை வில்லை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகும் என் அண்ணன் தன் பத்து வருடக் காம்பவுண்டு வில்லை (முனைகளில் கப்பிச் சக்கரங்கள் உள்ள வில்) மாற்றப் போகிறாராம். அவசியமா? பழையது கிருஷ்ணகிரியில் என் பயிற்சிக்கு உதவுமா?

அவசியமில்லை. அங்கே பல மாநிலங்கள் மான் வேட்டைக்குக் கேட்கும் குறைந்தபட்ச இழுவிசை (நாணை இழுக்கத் தேவைப்படும் விசை) 35 அல்லது 40 பவுண்டுதான்; பழைய வில் அதை எட்டினால் போதும். புதிய வில்லில் அதிர்வும் சத்தமும் குறைவு, வேகம் சற்றுக் கூடுதல். இருபது மீட்டரில் நிற்கும் மானுக்கு அந்த வேறுபாடு தெரியப் போவதில்லை. கூரான அம்புமுனையும் தவறாத குறியும்தான் முக்கியம். விளம்பரக்காரர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

தேய்வது நாண். நார் பிரிந்து பஞ்சுபோல் எழும்பினால் உடனே மாற்றச் சொல்லுங்கள்; பிரியாவிட்டாலும் இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. வளையும் தகடுகளில் விரிசல் இருந்தாலோ, தோள்வலியால் இழுக்க முடியாமல் இழுவிசையையும் அதற்கு மேல் குறைக்க வழியில்லை என்றாலோ புதிய வில் வாங்கலாம்.

உங்களுக்கு உதவுமா என்பது கை நீளத்தைப் பொறுத்தது. காம்பவுண்டு வில்லில் இழுக்கும் நீளம் ஆளுக்கேற்ப அமைக்கப்படுவது; அண்ணனின் அளவு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். அம்பு வைக்காமல் நாணை மட்டும் இழுத்து விடாதீர்கள், வில் உடையும். இலக்குப் பலகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: 1972 வனவிலங்குச் சட்டப்படி தேன்கனிக்கோட்டைக் காட்டில் மானைக் குறிவைத்தால் சிறைதான்.