ஒரே இலைக்கு வேறு வேறு முடிவுகள்: எந்தப் பிரித்தெடுப்பு முறையை நம்புவது?

ஒரே மூலிகை இலையிலிருந்து கொதிநீரில் சாறு எடுத்தவர் ஒரு முடிவையும், எத்தனால் என்ற ஆல்கஹாலில் ஊறவைத்தவர் அதற்கு நேர்மாறான முடிவையும் எழுதியிருக்கிறார்கள், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருவரையும் நம்பலாம். கரைப்பானும் வெப்பமும் நேரமும் மாறியதால் இருவர் கையிலும் இருந்த வேதிக்கலவைகளே வேறு. தாவரச் சேர்மங்களோடு வேலை செய்பவன் என்ற முறையில், என்னிடம் வரும் மாணவர்களை நான் முதலில் கேட்பது, "உங்களுக்கு எந்தச் சேர்மம் வேண்டும்?" என்பதைத்தான். அது தெரியாமல் முறையைத் தேர்ந்தெடுக்கவே முடியாது.

கரைப்பானைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை, உப்புகள், டானின்கள், சப்போனின்கள் போன்றவை நீரில் இறங்கும். மெழுகு, கொழுப்பு, கரோட்டின் ஆகியவற்றை, நீரோடு கலக்காத ஹெக்சேன் என்ற கரைப்பான் இழுக்கும். ஃபிளவனாய்டு உள்ளிட்ட பீனாலிக் சேர்மங்களுக்குப் பெரும்பாலும் 50 முதல் 70 சதவீத எத்தனால் நன்றாக வேலை செய்யும். அதிலுள்ள நீர் உலர்ந்த இலையின் செல்சுவரை உப்பவைக்க, எத்தனால் உள்ளே போய்க் கரைக்கிறது. எத்தனால் தூயதாக ஆக ஆகப் பச்சையம் கூடுதலாக இறங்கும். அந்தக் கரும்பச்சை நிறத்தைப் பார்த்துச் சத்து அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். நிலவேம்பின் முக்கியச் சேர்மமான ஆண்ட்ரோகிராஃபோலைடு நீரில் மிகக் குறைவாகவே கரையும். அதை நீர்ச்சாற்றில் தேடிவிட்டு இலையில் சரக்கே இல்லை என்று எழுதுவது அந்த இலைக்குச் செய்யும் அநியாயம்.

வெப்பத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். சூடு கெடுக்கும், குளிர் காக்கும் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. அந்தப் பாதிக்கு நல்ல சான்று, ஆர்ட்டெமிசியா அனுவா என்ற மூலிகையிலிருந்து கிடைக்கும் மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினின். மலேரியா மருந்து தேடிய சீன விஞ்ஞானி டூ யூயூவுக்கு அந்த மூலிகையின் சாறுகள் நிலையான பலனைத் தரவில்லை. இலையை நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்ன, கொதிக்கவைக்கச் சொல்லாத, நான்காம் நூற்றாண்டு மருத்துவக் குறிப்பு ஒன்று அவரை யோசிக்க வைத்தது. சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானுக்கு மாறினார். 1971இல் அந்தச் சாறு விலங்குச் சோதனையில் வென்றது. 2015இல் நோபல் பரிசு வந்தது. அந்த மூலக்கூறின் உயிர்நாடியான பெராக்சைடு பிணைப்பு (இரண்டு ஆக்சிஜன் அணுக்களின் இணைப்பு) சூட்டில் சிதையக்கூடியது.

மறுபாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பச்சை இலையை நசுக்கியதும் அதிலுள்ள நொதிகள் விழித்துக்கொள்கின்றன. பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, காற்றோடு சேர்ந்து பீனாலிக் சேர்மங்களைப் பழுப்பாக்கத் தொடங்கிவிடும். குளிர்ந்த நீரில் நிதானமாக ஊறவைப்பது அதற்கு நேரம் கொடுப்பதுதான். கொதிநீரோ செறிந்த எத்தனாலோ அந்த நொதியை முடக்கிவிடும்.

முருங்கை இலையில் இது இன்னும் தெளிவு. அதை நசுக்கிக் குளிர்நீரில் விட்டால் மைரோசினேஸ் நொதி, கந்தகம் கொண்ட குளுக்கோசினோலேட்டுகளைக் காரமான ஐசோதயோசயனேட்டுகளாக மாற்றும். நசுக்காமல் நேரே கொதிநீரில் போட்டால் நொதி செயலிழந்து, குளுக்கோசினோலேட்டுகள் பெருமளவு அப்படியே தங்கும். உங்களைக் குழப்பிய இரண்டு முடிவுகளுக்கும் பின்னால் இப்படி ஏதாவது இருக்க வாய்ப்பு அதிகம்.

சாறு எடுக்கும் கருவியையும், அதன்பின் செறிவாக்கும் விதத்தையும் பாருங்கள். கரைப்பானைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்ப இலைமேல் விடும் சாக்ஸ்லெட் கருவியில் இறங்கிய சேர்மம் அடிக்குடுவையில் மணிக்கணக்காகக் கொதித்துக்கொண்டே கிடக்கும். திறந்த பாத்திரத்தில் சுண்டவைத்தால் துளசியின் யூஜினால் போன்ற மணப்பொருள்கள் ஆவியோடு போய்விடும். அழுத்தத்தைக் குறைத்து 40 டிகிரி அளவில் கரைப்பானை நீக்கினால், சூட்டில் சிதையும் சேர்மங்களாவது தப்பும்.

கடைசியாக, "மகசூல் அதிகம்" என்ற வரியைக் கண்டு மயங்க வேண்டாம். நீர்ச்சாற்றின் எடையில் பெரும்பங்கு சர்க்கரையும் உப்பும் பிசினுமாக இருக்கலாம். மொத்த பீனால் அளவுக்குப் பயன்படும் ஃபோலின் வினைபொருள் வைட்டமின் சியோடும் வினைபுரிந்து, அளவைக் கூட்டிக் காட்டும். ஆகவே அந்த இரண்டு ஆய்வுகளிலும் எச்பிஎல்சி (கலவையின் சேர்மங்களைப் பிரித்துத் தனித்தனியே அளக்கும் முறை) போன்ற முறையில் தனிச்சேர்மத்தை அளந்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு இலை பச்சையா உலர்ந்ததா, கரைப்பானின் விகிதம், வெப்பம், நேரம், செறிவாக்கிய விதம் ஆகியவற்றை அருகருகே எழுதிப் பாருங்கள். இவற்றைச் சொல்லாத ஆய்வை நான் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்வதில்லை.